கல்தச்சர் சங்கம் – 12: 28 நாள் விதி

1717 ஜூன் 24 அன்று லண்டனில், செயின்ட் பால் தேவாலயத்தை ஒட்டிய 'கூஸ் அண்ட் கிரிடயர்ன்' என்ற மதுக்கடையில் நான்கு லாட்ஜுகள் கூடி கிராண்ட் லாட்ஜை அமைத்ததையும், ஆண்டனி சேயர் முதல் கிராண்ட் மாஸ்டர் ஆனதையும் சென்ற இதழில் பார்த்தோம். அங்கிருந்து மேலே போகாமல் இந்த வாரம் சற்றுப் பின்னே போகிறோம். ஃப்ரீமேசன் சங்கத்தில் சேர்ந்த ஒருவர் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏற எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், அந்தக் கணக்கைப் போட்டவர் யார் என்பதைத் தெரிந்துகொள்ளாவிட்டால், இனி வரும் சண்டைகள் பாதி புரியாது.

படிகள் மூன்று. முதலில் 'என்டர்ட் அப்ரன்டிஸ்', அதாவது தொழில் பழக வந்த பையன். அடுத்து 'ஃபெல்லோ கிராஃப்ட்', தொழில் தெரிந்த தோழன். மூன்றாவது 'மாஸ்டர் மேசன்', நம் கட்டட வேலையில் மேஸ்திரி என்போமே, அவர். மூன்று பெயர்களும் உளியும் சுத்தியலும் பிடித்த உண்மையான கல்தச்சர்களிடமிருந்து வந்தவை. காத்திருப்பும் அவர்களிடமிருந்துதான் வந்தது.

ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸிடம் கட்டடப் பணிகளுக்குத் தலைமை அதிகாரியாக இருந்தவர் வில்லியம் ஷா. 1598 டிசம்பர் 28 அன்று நாட்டிலுள்ள கல்தச்சர்கள் அனைவருக்குமாக அவர் ஒரு விதித் தொகுப்பை வெளியிட்டார். எந்த மேஸ்திரியும் 7 ஆண்டுக்குக் குறைந்த ஒப்பந்தத்தில் பையனைச் சேர்க்கக் கூடாது. அந்த 7 ஆண்டு முடிந்த பிறகும் அவன் உடனே தோழனாகிவிட முடியாது. இன்னொரு 7 ஆண்டு வேலை பார்க்க வேண்டும். ஆக மொத்தம் 14 ஆண்டு. மீறினால் 40 பவுண்டு தண்டம். 12 வயதில் கல் தூக்க வந்த பையன் தோழனாகும்போது 26 வயது இளைஞனாகியிருப்பான்.

தோழனாகும் நாளும் லேசானதல்ல. ஆறு மேஸ்திரிகளும் இரண்டு அப்ரன்டிஸ்களும் கூடியிருக்க வேண்டும். அந்த ஆறு பேரில் ஒருவர் லாட்ஜின் வார்டன். வந்தவன் தன் கைத்திறனைச் செய்து காட்ட வேண்டும். தேறினால் அவன் பெயரையும் அந்தத் தேதியையும் புத்தகத்தில் எழுதி, பக்கத்திலேயே அவனுடைய 'மார்க்' என்ற குறியையும் பதிவார்கள். தான் செதுக்கிய கல்லில் தச்சன் கொத்திவிட்டுப் போகும் சின்னக் கோட்டுக்குறி அது. மறு ஆண்டு வெளியிட்ட இரண்டாம் தொகுப்பில் ஷா ஞாபகத்துக்கும் பரீட்சை வைத்தார். தோழனாக இருந்தாலும் அப்ரன்டிஸாக இருந்தாலும் கற்றது நினைவில் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும், மறந்தவனுக்கு அபராதம்.

இவ்வளவு நீண்ட காத்திருப்பு கல்வேலையின் நுணுக்கத்துக்காக மட்டும் வந்ததென்று நான் நம்பவில்லை. அதே தொகுப்பில் ஒரு மேஸ்திரி தன் வாழ்நாளில் மூன்று பையன்களுக்கு மேல் சேர்க்கக் கூடாது என்றும் ஒரு விதி இருக்கிறது. தொழிலுக்குள் வருபவர் எண்ணிக்கையை இறுக்கிப் பிடித்தால் கூலி விழாது. தேறிய கையைப் பல ஆண்டு தோழனாக்காமல் வைத்திருந்தால் குறைந்த கூலிக்கு நல்ல வேலை கிடைக்கும். இங்கிலாந்திலும் 1563 சட்டம் பல தொழில்களுக்கு 7 ஆண்டுப் பயிற்சியைக் கட்டாயமாக்கியிருந்தது. ஆகவே ஷா புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. ஊர் வழக்கத்தை எழுத்தில் வைத்து, அதன் மேல் இன்னொரு 7 ஆண்டை ஏற்றினார்.

ஆனால் அந்த விதியிலேயே ஒரு சிறு வாசல் இருந்தது. வார்டன்களும் மேஸ்திரிகளும் கூடிச் சிறப்பு அனுமதி தந்தால் இரண்டாவது 7 ஆண்டு தேவையில்லை. இந்தத் தொடரின் வாசகர்கள் அந்த வரியை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். காத்திருப்பும் அதற்கான விலக்கும் ஒரே நாளில், ஒரே தாளில் பிறந்தவை. அடுத்த 400 ஆண்டுக் கதை முழுவதும் அந்த விலக்கு யாருக்குக் கிடைத்தது என்பதுதான்.

முதலில் கிடைத்தது கனவான்களுக்கு. 1634 ஜூலை 3 அன்று எடின்பரோ லாட்ஜ் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டது: அலெக்சாண்டர் பிரபு, அவர் தம்பி சர் ஆண்டனி அலெக்சாண்டர், சர் அலெக்சாண்டர் ஸ்ட்ராக்கன். மூவருமே உளி பிடித்தவர்கள் அல்லர். மூவரையும் நேராகத் தோழர்கள் என்றே பதிவேட்டில் எழுதினார்கள். 14 ஆண்டு ஒரே நாளாகச் சுருங்கியது. இதில் வேடிக்கை என்னவென்றால், சர் ஆண்டனி அப்போது வகித்த பதவி மன்னரின் கட்டடப் பணித் தலைமை. ஷா உட்கார்ந்திருந்த அதே நாற்காலி.

இங்கிலாந்தில் இந்தப் படிகளே அன்று தெளிவாக இல்லை. பழம்பொருள் ஆய்வாளர் எலியாஸ் ஆஷ்மோல் 1646 அக்டோபர் 16 அன்று வாரிங்டனில் ஃப்ரீமேசன் ஆனதாக நாட்குறிப்பில் எழுதினார். அந்த நாட்குறிப்பில் அடுத்ததாகச் சங்கத்தின் பேச்சு வருவது 1682 மார்ச்சில், லண்டன் கூட்டம் ஒன்றுக்கு அழைத்தபோது. சேர்ந்து 35 ஆண்டு ஆனதால் அங்கிருந்தவர்களில் தானே மூத்தவர் என்று குறித்துவைத்தார். இடையில் படி ஏறினாரா, பரீட்சை எழுதினாரா என்ற பேச்சே இல்லை. சேர்ந்த தேதி ஒன்றே மரியாதைக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

இனி 1717க்குத் திரும்புவோம். கிராண்ட் லாட்ஜுக்காக ஜேம்ஸ் ஆண்டர்சன் 1723இல் தொகுத்த விதிநூலில் காலக்கெடு வருகிறது, ஆனால் படிகளுக்கு இடையில் அல்ல, வாசலில். சேர விரும்புபவரைப் பற்றி லாட்ஜுக்கு ஒரு மாதம் முன்பே அறிவிக்க வேண்டும், அதற்குள் விசாரித்துக்கொள்ளலாம். ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் சேர்க்கக் கூடாது. வயது 25க்குக் குறையக் கூடாது. உள்ளே வந்த பிறகு மேலே ஏறுவதற்கு வேறு விதமான தடை இருந்தது: தோழனாகவோ மாஸ்டராகவோ ஆக்குவது கிராண்ட் லாட்ஜில் மட்டுமே, சிறப்பு அனுமதி இருந்தாலொழிய. அதாவது நாளை எண்ணாமல் தூரத்தால் தடுத்தார்கள். அது நடைமுறைக்கு ஒத்துவரவில்லை. 1725 நவம்பரில் அதைக் கைவிட்டு, அந்தந்த லாட்ஜே மாஸ்டர்களை ஆக்கிக்கொள்ளலாம் என்றார்கள்.

அணை உடைந்தது அப்போதுதான். இரு படியாக இருந்தது அதே பத்தாண்டில் மூன்று படியாகவும் மாறியது. மூன்று படி, ஒவ்வொன்றுக்கும் சடங்கு, ஒவ்வொன்றுக்கும் கட்டணம், முடிந்ததும் விருந்து. ஒரே இரவில் முதல் இரண்டு படிகளையும் கொடுத்துவிடுவது 18ஆம் நூற்றாண்டில் சர்வசாதாரணம். படைப்பிரிவுகளோடு ஊர் ஊராக நகரும் ராணுவ லாட்ஜுகளும் வந்துவிட்டன. நாளை எங்கே முகாம் என்று தெரியாத சிப்பாயிடம் அடுத்த மாதம் வா என்று எப்படிச் சொல்வது? எல்லோரும் அவசரப்பட்டார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. வர்ஜீனியாவின் ஃப்ரெடரிக்ஸ்பர்க்கில் ஜார்ஜ் வாஷிங்டன் 1752 நவம்பர் 4 அன்று சேர்ந்தார், 1753 மார்ச் 3 அன்று இரண்டாம் படி, ஆகஸ்ட் 4 அன்று மூன்றாம் படி. மூன்றுமே சனிக்கிழமை. ஒன்பது மாதம் எடுத்துக்கொண்ட நிதானம்.

அவசரத்தின் அழகான ஆவணம் வேண்டுமென்றால் வியன்னாவுக்குப் போக வேண்டும். 1784 டிசம்பர் 14 அன்று வுல்ஃப்காங் அமதேயஸ் மொசார்ட் அங்கே 'அறச்செயல்' என்ற பொருள்படும் பெயருடைய சிறிய லாட்ஜில் சேர்ந்தார். 24 நாள் கழித்து, 1785 ஜனவரி 7 அன்று, இக்னாஸ் ஃபான் போர்ன் என்ற கனிமவியல் அறிஞர் தலைமையில் இயங்கிய 'உண்மை ஒற்றுமை' லாட்ஜில் இரண்டாம் படி. அந்தக் குளிர்காலத்தில் சால்ஸ்பர்க்கிலிருந்து அப்பா லியோபோல்ட் மகனைப் பார்க்க வந்தார். வந்த நாள் பிப்ரவரி 11. அன்று மாலையே மகனின் சந்தா கச்சேரி வரிசையில் முதல் கச்சேரி. அதே மாலை 'உண்மை ஒற்றுமை' லாட்ஜில் ஜோசப் ஹெய்டன் முதல் படி ஏறினார். கச்சேரி இருந்ததால் மொசார்ட் போக முடியவில்லை. மறுநாள் மொசார்ட் வீட்டில் புது நால்வர் இசையைக் கேட்டுவிட்டு, தனக்குத் தெரிந்த இசையமைப்பாளர்களிலேயே உங்கள் மகன்தான் பெரியவர் என்று ஹெய்டன் லியோபோல்டிடம் சொன்னது ஊரறிந்த கதை.

லியோபோல்டும் சேர ஆசைப்பட்டார். ஆனால் அவர் ஊர் திரும்ப வேண்டியவர். சால்ஸ்பர்க் ஆர்ச்பிஷப்பின் ஊழியர், விடுப்பு முடிகிறது. எனவே வழக்கமான காத்திருப்பிலிருந்து விலக்கு கேட்டு வாங்கினார்கள். ஏப்ரல் முதல் வாரத்தில் அப்ரன்டிஸ், 16ஆம் தேதி தோழன், 22ஆம் தேதி மாஸ்டர். 25ஆம் தேதி வண்டியேறிவிட்டார். மூன்று வாரத்துக்குள் மூன்று படி. இரண்டாம் படிக்குப் போகும் தோழனின் பயணத்தைப் பாடும் ஒரு சிறு பாட்டை மொசார்ட் அந்த மார்ச் 26 அன்று எழுதி முடித்தார். அப்பாவின் ஏற்றத்துக்காகவே எழுதியது என்று பலர் சொல்வதுண்டு. இருக்கலாம்; ஆனால் அந்தத் தேதியில் அப்பா முதல் படிக்கே வரவில்லை. முன்கூட்டியே எழுதிவைத்தார் என்று கொண்டால்தான் கணக்கு சரியாகும்.

ஹெய்டனோ எதற்கும் அவசரப்படவில்லை. எஸ்டெர்ஹாசி இளவரசரின் அரண்மனை வேலை வியன்னாவிலிருந்து வெகு தூரத்தில். முதல் படி ஏறிய அந்த மாலைக்குப் பிறகு அவர் லாட்ஜ் பக்கம் வந்ததாகப் பதிவில்லை. கடைசிவரை அப்ரன்டிஸ். படி ஏறாதவரைப் பிடித்துத் தள்ள வியன்னாவில் விதி எதுவும் இருக்கவில்லை.

இங்கிலாந்தில் நடந்த ஒரு தந்திரத்தையும் சொல்லிவிட வேண்டும். 1751இல் கிராண்ட் லாட்ஜுக்குப் போட்டியாக இன்னொரு கிராண்ட் லாட்ஜ் கிளம்பியது. தங்களைப் 'பழையவர்கள்' என்று அழைத்துக்கொண்டு, முந்தியவர்களைப் 'புதியவர்கள்' என்று கேலி செய்தார்கள். பழையவர்களிடம் ராயல் ஆர்ச் என்ற மேல்நிலைச் சடங்கு இருந்தது. லாட்ஜின் தலைவர் நாற்காலியில் அமர்ந்து பணியாற்றியவருக்கு மட்டுமே அது. ஒரு லாட்ஜில் தலைவர் ஒருவர்தான். மற்றவர்கள் முறை வரும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். என்ன செய்தார்கள்? ஆளைக் கூட்டிவந்து, முறைப்படி நாற்காலியில் உட்காரவைத்து, சில நிமிடத்தில் எழுப்பிவிட்டார்கள். 'நாற்காலி கடந்தவர்' ஆகிவிட்டார். இனி ராயல் ஆர்ச்சுக்குத் தடையில்லை. விதியின் எழுத்து ஒன்றுகூடக் கலையவில்லை.

1813 டிசம்பர் 27 அன்று பழையவர்களும் புதியவர்களும் ஒன்றானார்கள். அந்தப் பக்கம் கென்ட் பிரபு, இந்தப் பக்கம் சஸெக்ஸ் பிரபு. இருவரும் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் மகன்கள். இணைப்புக்குப் பின் வந்த விதிநூலில்தான் படிகளுக்கு இடையிலான காலம் உறுதியாகக் கட்டப்பட்டது. ஒரே நாளில் ஒருவருக்கு ஒரு படிக்கு மேல் இல்லை. அடுத்த படிக்கு முன் இடைவெளி வேண்டும். இடைவெளி மட்டும் போதாது, முந்தைய படியில் கற்றதைத் திறந்த சபையில் கேள்விக்குப் பதிலாகச் சொல்ல வேண்டும். இன்று இங்கிலாந்து கிராண்ட் லாட்ஜில் 172ஆம் விதி அந்த இடைவெளியை நான்கு வாரம் என்கிறது.

ஏன் நான்கு வாரம்? கல்தச்சனின் 14 ஆண்டோடு ஒப்பிட்டால் சிரிப்புதான் வரும். நான்கு வாரத்தில் யாரும் எதிலும் தேர்ந்துவிடுவதில்லை. ஆனால் லாட்ஜின் நாட்காட்டியைப் பார்த்தால் விஷயம் பிடிபடும். லாட்ஜுகள் பல மாதம் ஒருமுறை, குறிப்பிட்ட கிழமையில் கூடுபவை. ஒரு மாதத்து முதல் திங்களிலிருந்து அடுத்த மாதத்து முதல் திங்கள் 28 நாளிலோ 35 நாளிலோ வரும். 28க்கு மேல் ஒரு நாள் கூட்டிவைத்தாலும் ஆள் இன்னொரு மாதம் வீட்டில் உட்கார வேண்டியதுதான். கூட்டத்துக்குக் கூட்டம் ஒரு படி என்பதற்கு ஏற்ற மிகச் சிறிய அளவு 28.

லாகூரில் இதைக் கண்ணால் பார்க்கலாம். 'சிவில் அண்ட் மிலிட்டரி கெசட்' பத்திரிகையின் உதவி ஆசிரியர் ருட்யார்ட் கிப்ளிங் 1886 ஏப்ரல் 5 அன்று அங்கே ஹோப் அண்ட் பெர்சிவரன்ஸ் லாட்ஜில், எண் 782, சேர்ந்தார். இரண்டாம் படி மே 3. எண்ணிப் பாருங்கள், சரியாக 28 நாள். இரண்டும் முதல் திங்கட்கிழமை. மூன்றாம் படி டிசம்பர் 6, அதுவும் முதல் திங்கள். விதியை இவ்வளவு துல்லியமாகக் காத்த இதே லாட்ஜ், அவரைச் சேர்த்துக்கொள்ள வேறொரு விதியைத் தளர்த்தியிருந்தது. குறைந்தபட்ச வயது 21, கிப்ளிங்குக்கு 20. நல்ல செயலாளர் தேவை என்பதால் சிறப்பு அனுமதி வாங்கினார்கள். எழுதத் தெரிந்த பையன் கிடைத்தால் விடுவார்களா? தான் மாஸ்டரான கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைச் செயலாளர் என்ற முறையில் கிப்ளிங்கே தன் கைப்பட எழுதினார். தன்னை முதல் படியில் ஏற்றியவர் பிரம்ம சமாஜத்து இந்து என்றும், இரண்டாவதில் முஸ்லிம் என்றும், மூன்றாவதில் ஆங்கிலேயர் என்றும், வாசல் காத்தவர் இந்திய யூதர் என்றும் பிற்காலத்தில் பெருமையாக நினைவுகூர்ந்தார்.

அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, கல்கத்தாவில். 1884 பிப்ரவரி 19, செவ்வாய்க்கிழமை. ஆங்கர் அண்ட் ஹோப் லாட்ஜில் ஒரு கல்லூரி இளைஞர் முதல் படி ஏறினார். 21 வயது நிரம்பி ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. பெயர் நரேந்திரநாத் தத்தர். பின்னாளில் சுவாமி விவேகானந்தர். மாதத்தின் மூன்றாம் செவ்வாய்க் கணக்கில் அடுத்தது மார்ச் 18. அது 28ஆவது நாள்; விதிப்படி அன்றே இரண்டாம் படிக்குத் தகுதி. ஆனால் இடையில், அதே பிப்ரவரி மாதத்தில், வழக்கறிஞரான தந்தை விசுவநாத தத்தர் திடீரெனக் காலமானார். கடன் வெளியே வந்தது, உறவினர்கள் வீட்டுக்கு வழக்குப் போட்டார்கள், மூத்த மகன் வெயிலில் வேலை தேடி அலைந்தார். இரண்டாம் படி ஏப்ரல் 15 அன்று நடந்தது, மூன்றாம் படி மே 20 அன்று. இரண்டுமே மூன்றாம் செவ்வாய்தான். மார்ச்சில் ஏன் இல்லை என்று யாரும் எழுதிவைக்கவில்லை. அந்த வீட்டு நிலைமையை அறிந்தவர்களுக்கு எழுதித்தான் தெரிய வேண்டுமா?

அமெரிக்காவுக்குப் போனால் விலக்கு இன்னும் பெரிதாகிறது. ஆல்பர்ட் மேக்கி என்ற அமெரிக்க ஃப்ரீமேசன் 1858இல் சங்கத்தின் மாற்ற முடியாத அடிப்படைகள் என்று 25 பட்டியலிட்டார். காத்திருப்புக் காலத்தை கிராண்ட் மாஸ்டர் தள்ளுபடி செய்யலாம் என்பது அதில் ஒன்று. ஒருவரைப் 'பார்த்த மாத்திரத்தில்' மேசன் ஆக்கலாம் என்பது இன்னொன்று. காத்திருப்பு மாற்றத்தக்க சட்டம், விலக்கு மாற்ற முடியாத அடிப்படை. ஷாவின் தாளை அப்படியே தலைகீழாகத் திருப்பிவிட்டார் மேக்கி.

1909 பிப்ரவரி 18 அன்று ஒஹையோ கிராண்ட் மாஸ்டர் சின்சினாட்டியில் தனியாக ஒரு லாட்ஜைக் கூட்டி, வில்லியம் ஹோவர்ட் டாஃப்டுக்கு ஒரே அமர்வில் மூன்று படிகளின் உறுதிமொழிகளையும் கொடுத்தார். டாஃப்ட் அமெரிக்க அதிபராகப் பொறுப்பேற்க அப்போது இரண்டு வாரம் இருந்தது. 1936 ஜனவரியில் மணிலாவில் ஜெனரல் டக்ளஸ் மக்ஆர்தருக்கும் இதே உபசாரம். அதே 1909இல், டாஃப்ட் ஆன பிப்ரவரியிலேயே, மிசூரி மாநிலத்தில் பெல்டன் லாட்ஜில் ஹாரி ட்ரூமன் என்ற விவசாயி 9ஆம் தேதி சேர்ந்து, மார்ச் 18 அன்று மூன்றாம் படி ஏறினார். அவரும் ஒரு நாள் அதிபரானார். ஆனால் அன்று அது யாருக்குத் தெரியும்? வரிசையில் நின்றுதான் ஏறினார்.

லிண்டன் ஜான்சன் கதை வேறு. டெக்சாஸ் மாநிலத்தில் ஜான்சன் சிட்டி லாட்ஜில் 1937 அக்டோபர் 30 அன்று முதல் படி ஏறினார். அந்த ஆண்டுதான் நாடாளுமன்றத்துக்குத் தேர்வாகியிருந்தார். அதற்கு மேல் போகவில்லை. ஹெய்டனைப் போலவே அவரும் இறுதிவரை அப்ரன்டிஸ், இடையில் அதிபராக இருந்தும்கூட. அமெரிக்க லாட்ஜுகள் பலவற்றில் கேள்வி–பதில்களை நீளமாக மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டும். அரசியல்வாதிக்கு அதற்கு நேரம் ஏது? இப்படி நின்றுபோகிறவர்கள் பெருகியதால், குறிப்பிட்ட காலத்துக்குள் பாடம் ஒப்பிக்க வேண்டும் என்ற மேல்வரம்பையும் பல மாநிலங்கள் வைத்தன. முன்னெல்லாம் சீக்கிரம் வராதே என்ற விதி. இப்போது தாமதிக்காதே என்ற விதியும் சேர்ந்துகொண்டது.

பிறகு ஆள் குறைந்தது. 1959இல் அமெரிக்க மேசன்கள் 40 லட்சத்துக்கு மேல். அதன் பிறகு ஆண்டுதோறும் சரிவு. 1990களிலிருந்து சில மாநிலங்கள் ஒருநாள் வகுப்பு என்ற முறையைக் கொண்டுவந்தன. 2002இல் ஒஹையோவில், டாஃப்டின் அதே ஒஹையோவில், ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் மாஸ்டர்கள் ஆனார்கள். மேடையில் ஒருவர் எல்லோர் சார்பிலும் சடங்கைச் செய்துகாட்ட, மற்றவர்கள் இருக்கையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மதிய உணவுக்கு இடைவேளை உண்டு. பழைய உறுப்பினர்கள் கொதித்தார்கள்; கஷ்டப்பட்டு மனப்பாடம் செய்தவர்களுக்கு ஆத்திரம் வராதா? எனக்கு அவர்கள் கோபம் நியாயமாகவே படுகிறது. ஆனால் 1909இல் டாஃப்டுக்குக் கைதட்டிய சங்கம், ஒஹையோவின் கடைக்காரருக்கும் லாரி ஓட்டுநருக்கும் அதே சலுகை கிடைத்தபோது மட்டும் பாரம்பரியம் கெட்டுவிட்டது என்றால், கெட்டது எப்போது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

காத்திருப்பை எப்படியும் சுருக்கலாம் என்று பார்த்தோம். பரீட்சையை அப்படிச் சுருக்க முடியாது என்றுதான் லண்டன் மேசன்கள் நினைத்திருந்தார்கள். கேள்விகளும் பதில்களும் வாய்மொழியாக மட்டுமே இருந்தவையாயிற்றே. 1730 அக்டோபரில் சாமுவேல் பிரிச்சர்ட் என்பவர் மூன்று படிகளின் கேள்வி–பதில்களையும் அச்சடித்து ஆறு பென்ஸுக்கு விற்றார். அடுத்த இதழில் அந்தக் குட்டிப் புத்தகத்தைப் பிரிப்போம்.